கூட்டாளிகளை ஒரு ராத்திரி மாமாக் கடைக்கு வரவைப்பது எப்படி

முதல் வேலை, "ஒன்றுகூடல்" என்ற சொல்லைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதாமல் இருப்பது. நான் இரண்டு தடவை எழுதிக் கெட்டவன். முதல் தடவை டி-சட்டை என்ன நிறம், ஆசிரியர்களைக் கூப்பிடலாமா, தலைக்கு எத்தனை வெள்ளி என்று மூன்று மாதம் இழுத்து, கடைசியில் அந்த டி-சட்டை நிறத்துக்காகவே இரண்டு பேர் முறைத்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவது தடவை மண்டபம் வரைக்கும் போனோம். வட்ட மேசை, வெள்ளைத் துணி, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டு "அப்புறம்?" "நீதான் சொல்லணும்". கோழிப் பொரியல் வந்து இறங்கியபோது அந்த மேசையில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

கோலாலம்பூர்ச் செந்தூலில் ஒன்றாகப் படித்து, ஐந்தாம் படிவம் முடித்து முப்பது வருசம் ஆன ஆம்பளைகளுக்கு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வராது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கண் வேறு எங்கேயோ இருந்தால் வாய் தானாகத் திறக்கும். அதற்குத்தான் மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையும், அங்கே திரையில் ஓடும் காற்பந்தும். "உன்னைப் பார்க்கணும்டா" என்று கூப்பிட்டால் கடன் கேட்கப் போகிறான் என்று பயப்படுவான், "ஆட்டம் பார்க்க வாடா" என்றால் ரவாங்கிலிருந்துகூடக் காடியை எடுத்துக்கொண்டு வருவான்.

எந்த ஆட்டம் என்பதில்தான் பாதி வெற்றி. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு பத்து மணிக்கு வரும். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்கள், அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை அதே ஆட்டம் நமக்குப் பதினொன்று. இந்த ஒரு மணி நேரத்தை மறந்து, நவம்பரில் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்து காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. முன்னால் வரும் மதிய ஆட்டம் நமக்கு ஏழரைக்கோ எட்டரைக்கோ விழும், அந்த நேரத்தில் எவனும் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது, பிள்ளைக்கு டியூசன், மாமியாருக்கு மருந்து. சாயங்கால ஆட்டம் நள்ளிரவு பன்னிரண்டரை அல்லது ஒன்றரை, இருபத்தைந்து வயதுக்காரர்களுக்குச் சரி. சாம்பியன்ஸ் லீக் விடிகாலை மூன்று, நான்கு மணி, அது வாரநாள் வேறு, பேச்சே வேண்டாம். ஆகவே பத்து மணி ஆட்டம். பிள்ளைகள் தூங்கிய பிறகு புறப்பட்டால் வீட்டிலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்புறம், பெரிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதுகிற அன்று கடையில் நாற்காலி கிடைக்காது, கிடைத்தாலும் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது. அட்டவணையில் நடுவில் கிடக்கும் இரண்டு குழுக்கள் ஆடும் சோம்பலான ஆட்டம்தான் நமக்கு வாகு. அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

எத்தனை பேர்? ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஏழானால் மேசை இரண்டாகப் பிரிந்து இரண்டு கூட்டமாகிவிடும். குழுவில் பொதுவாக அறிவிக்காதீர்கள், தனித்தனியாக அழையுங்கள், அதுவும் எழுத்தில் இல்லை, குரலில். ஒருத்தன் வருகிறான் என்று தெரிந்த பிறகுதான் அடுத்தவனைக் கூப்பிட வேண்டும், "அவன் வர்றான்டா" என்பதைவிடப் பெரிய அழைப்பிதழ் கிடையாது. நீண்ட நாளாக யாரோடும் ஒட்டாமல் இருப்பவன் ஒருத்தன் எல்லாக் குழுவிலும் இருப்பான். அவனுக்கு மட்டும் "வா" என்று சொல்லாமல், "எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு, வர்றப்போ உன்ன ஏத்திக்கிறேன்" என்று சொல்லுங்கள். வேலை எதுவும் இருக்காது, பரவாயில்லை.

கடை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பெருந்தொற்றுக்கு முன்னால் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்த பல மாமாக் கடைகள் இப்போது நள்ளிரவு தாண்டியதும் நாற்காலியைக் கவிழ்க்கத் தொடங்குகின்றன, எனவே எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திரைக்கு நேர் கீழே உட்காராதீர்கள், கழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஓரமாக, மின்விசிறி படும் இடமாக, கூரைக்குள்ளே. கோலாலம்பூரில் ராத்திரி மழைக்கு நேரம் காலம் கிடையாது, வெளியே போட்ட பிளாஸ்டிக் மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வயது நமக்குத் தாண்டிவிட்டது. எதிர்க் கடையிலும் அதே ஆட்டம் ஓடுகிறதா என்று பாருங்கள். இணையம் வழியாக வரும் படம் துணைக்கோள் படத்தைவிடப் பிந்தித்தான் வரும். நம் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும், எதிர்க் கடையில் "கோல்" என்று கத்துவார்கள். ஒரு தடவை முழு ஆட்டத்தையும் அப்படித்தான் பார்த்தோம், நாளைய பத்திரிகையை இன்றைக்கே படிப்பதுபோல.

எல்லோரும் வந்து சேரும் வரை ரொட்டி சானாய் சொல்லக் கூடாது, தே தாரிக்கோடு நிறுத்துங்கள். யாராவது "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைத்து) என்றோ "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்றோ சொன்னால் அதைக் கிண்டல் செய்யாதீர்கள். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஐந்து பேர் மேசை என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். எங்கள் மேசையில் கணக்கு அதைத் தாண்டிவிட்டது. தண்ணி அடிக்கிறவன் எப்படியும் ஒருத்தன் இருப்பான், மாமாக் கடையில் அது கிடைக்காது என்பதால் அவன் முன்னாலேயே எங்கேயாவது முடித்துவிட்டு வருவான். அவனைக் காடி ஓட்ட விடாதீர்கள். 2020 அக்டோபரில் சட்டம் மாறியதிலிருந்து நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஐம்பது மில்லிகிராம்தான் வரம்பு, குடித்து ஓட்டி ஒரு உயிர் போனால் பத்து வருசத்துக்குக் குறையாமல் சிறை. வாடகைக் காடிக்குக் கொடுக்கும் இருபது முப்பது வெள்ளியை எல்லோரும் சேர்ந்து போட்டால் தீர்ந்தது. ரயிலை நம்ப முடியாது, பத்து மணி ஆட்டம் முடிவதற்கும் கடைசி ரயில் போவதற்கும் சரியாக இருக்கும்.

இப்போது பேச்சு. "வேலை எப்படிப் போகுது" என்று தொடங்கினால் மேசை செத்துவிடும், வேலை போனவன் ஒருத்தன் அங்கே இருப்பான். உள்ளூர்ச் செய்தியில் தொடங்குங்கள். உள்ளூர்ச் செய்தி என்றால் அமைச்சர் சொன்னது இல்லை. "நான் அந்த வழியாத்தான்டா நடந்தேன்" என்று ஒவ்வொருத்தனும் சொல்லக்கூடியது. 2024 ஆகஸ்ட்டில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் உள்ளே போனார், ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்த வாரம் நாங்கள் ஆட்டத்தையே பார்க்கவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கச் சின்ன வயசில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே கல், யார் யார் எந்தக் கடைக்குப் போவோம், எந்த முனையில் ஐஸ் கச்சாங், எந்த அம்மா எவ்வளவு பேரம் பேசுவார் என்று போய்ப் போய், இறந்துபோன அம்மாக்களைப் பற்றி நாங்கள் முதல் தடவையாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பத்திரிகை ஒன்றைக் கையில் கொண்டுபோவது என் பழக்கம். தமிழ் நேசன் இருந்தவரை அதுதான். 1924-இல் தொடங்கியது, 2019-இன் தொடக்கத்தில் நின்றது. இப்போது மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ. மரண அறிவிப்புப் பக்கத்தை மட்டும் மடித்து மேசையில் வைப்பேன். கேட்க விகாரமாக இருக்கும், ஆனால் "டேய், இது நம்ம கேண்டீன் அண்ணன் இல்ல?" என்று ஒருத்தன் குனிந்து பார்த்தால் அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்லை.

அரசியல் கடைசியில். அதைவிடக் கடைசியில் நம் நாட்டுக் காற்பந்து. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தடை என்று ஃபிஃபா 2025 செப்டம்பரில் அறிவித்தது பற்றி எவனாவது வாயைத் திறந்தால் தே தாரிக் ஆறிப்போகும், எதிர் மேசையும் சேர்ந்துகொள்ளும். பழைய ஆட்டங்களுக்குத் திருப்பிவிடுங்கள், அவை ஆளைக் காயப்படுத்தாது. 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, மாஸ்கோவைப் புறக்கணித்ததால் போகாமலேயே போன கதையை நாங்கள் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, அப்போது மூன்று வயது. ஆனால் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தின் கை எவ்வளவு நீளம் என்று ரயில்வே பட்டறையில் வேலை செய்த அப்பாக்கள் காட்டிக் காட்டி, ஒவ்வொரு வருசமும் அந்தக் கை ஒரு சாண் வளர்ந்தது. 1988-இல் சாலை விபத்தில் அவர் போனபோது எங்கள் வரிசை வீடுகளில் சொந்தக்காரர் செத்ததுபோல் இருந்தது.

1992 தோமஸ் கிண்ணப் பூப்பந்து எங்கள் காலத்துச் சொத்து, இந்தோனேசியாவை 3-2. 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில், காற்பந்தில் அதே இந்தோனேசியா, கே. ராஜகோபால் பயிற்சியாளர், லேசர் ஒளி அடிக்கிறார்கள் என்று எதிராளிகள் மைதானத்தை விட்டு இறங்க, திரும்ப ஆரம்பித்ததும் மூன்று கோல். எங்களில் ஐந்து பேர் அன்று அரங்கத்தில் இருந்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். டிக்கெட் வாங்கியவன் நான். நான்குதான் வாங்கினேன். இந்தச் சண்டையை நான் தீர்த்து வைப்பதில்லை, இது தீர்ந்தால் அடுத்த தடவை எதைப் பேசுவது?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருந்தால் பேச்சு தானாக எஸ். சிவசங்கரி பக்கம் போகும். 2022-இல் காடி விபத்தில் கழுத்தில் அடிபட்டு, 2024-இல் லண்டனில் சுவர்ப்பந்து (ஸ்குவாஷ்) பட்டம் வாங்கியவர். அல்லது அதே வருசம் பாரிஸ் ஒலிம்பிக்கில் பியர்லி டானோடு சேர்ந்து பூப்பந்தில் நான்காம் இடம் வரை போன எம். தினா. "என் மகளும் ராக்கெட் வாங்கித் தரச் சொல்றா" என்று பூச்சோங்கில் இருப்பவன் சொன்னான். அவனுக்கு மகள் இருப்பதே எங்களில் இரண்டு பேருக்கு அன்றுதான் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் "இன்னும் எங்கேயாவது போகலாமா" என்று ஒருத்தன் கிளப்புவான். சங்காட் புக்கிட் பிந்தாங் வேண்டாம், அங்கே இசை நெஞ்சில் இடிக்கும், வாய் அசைவதுதான் தெரியும். ஜாலான் அலோரில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் காடி நிறுத்த இடம் தேடியே ராத்திரி தீரும். என்னைக் கேட்டால் எங்கேயும் போகாதீர்கள்.

"அண்ணே, கீரா!" என்று கணக்குக் கேட்டு யார் முதலில் கை தூக்குகிறானோ அவனே கட்டட்டும், ஐந்து பேர் தே தாரிக்குப் பங்கு பிரிப்பது அசிங்கம். ஆனால் சிங்கப்பூரிலிருந்து வந்தவனைத் தொடர்ந்து கட்டவிடாதீர்கள், மூன்றாவது தடவை அது வேறு மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று, வரும்போதே காடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். அன்று ராத்திரி நடக்கப்போகும் உண்மையான பேச்சு அங்கேதான். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு, "சரிடா, கிளம்புறேன்" என்று ஆளுக்கு மூன்று தடவை சொல்லி, கதவைப் பாதி திறந்து வைத்து, உள்ளே காடி டிங் டிங் என்று கத்திக்கொண்டிருக்கும். எங்கள் கோல்கீப்பர் தன் வேலை போய் ஏழு மாதம் ஆனதை அப்படித்தான் சொன்னான், எங்களைப் பார்க்காமல், எதிரே மூடிய கடையின் இரும்புக் கதவைப் பார்த்து. அந்த நேரத்தில் எவனும் கைத்தொலைபேசியை எடுக்கக் கூடாது. படம் பிடிக்கவும் கூடாது.

அடுத்த சந்திப்புக்கு அங்கேயே தேதி குறிக்காதீர்கள். மறுநாள் மதியம் போல, பசியாறி முடித்து எல்லோரும் ஓய்வாக இருக்கும் நேரத்தில், அடுத்த மாத ஆட்ட அட்டவணையை மட்டும் குழுவில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.