சொன்ன நேரத்தில் கூடும் புரதம்: தொடங்குகிறவர்களுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் அம்மா பல வருஷம் பால் வெட்டினார். மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், இறங்கிய பாலை வெயில் ஏறுவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதமானால் வாளியிலேயே கட்டிக்கொள்ளும். அதற்காகக் கொஞ்சம் அமோனியா விடுவார்கள். ஸ்டோரில் தட்டில் ஊற்றிய பிறகு ஆசிட் கலந்தால், அதே பால் உறைந்து நிற்கும். புரதத்தையும் புரதத்தையும் சேர்த்து ஒன்று கட்ட நினைக்கிற மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒட்ட வைப்பது சுலபம். நாம் சொல்லும் வரை ஒட்டாமல் வைத்திருப்பதில்தான் வேலையே இருக்கிறது.

பாலில் நடப்பது இது. ரப்பர் துகள்களைப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தை அணைக்கிறது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாதபோது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. நாம் செய்யப்போவதும் இதுதான், ஆனால் கட்டியாக இல்லாமல் எண்ணி வைத்த துண்டுகளாக.

சனிக்கிழமை மாலையில், டவுன் கடைவீட்டு மாடியில், எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) பிள்ளைகளோடு நான் தொடங்குவது ஒரு காகிதத் துண்டில். நீளமாக வெட்டி, கட்டம் போட்டு, ஒவ்வொரு ஏழு கட்டத்துக்கும் ஏ முதல் ஜி வரை எழுதுங்கள். ஒரு கட்டம் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. ஏ, டி கட்டங்களுக்குச் சிவப்பு அடியுங்கள். பிறகு ஏழு கட்டம் இரண்டு சுற்றில் முடியும்படி ஒரு குழாயில் சுற்றுங்கள். சிவப்பெல்லாம் ஒரே பக்கத்தில் கோடாக வந்து நிற்கும். ஆல்பா சுருள் புரதத்தின் அடிப்படை இதுதான். சிவப்பு இடத்தில் தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்களை வைத்தால், இரண்டு சுருள்கள் அந்தக் கோட்டை ஒன்றோடொன்று அணைத்து மறைத்துக்கொள்ளும். உண்மையான சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம் என்பதால் அந்தக் கோடு கொஞ்சம் சாயும். அதனால்தான் இரண்டும் கயிறு முறுக்கியது போலப் பின்னிக்கொள்கின்றன. இதைக் கையால் சுற்றிப் பார்க்காமல் கணினிக்குப் போகாதீர்கள்.

சிவப்பு இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே எத்தனை பேர் கூடுவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். ஈஸ்ட்டின் ஜி.சி.என்.4 புரதத்தை வைத்து 1993-இல் இதைக் காட்டினார்கள். ஏ-யில் ஐசோலூசின், டி-யில் லூசின் வைத்தால் இரண்டு சுருள். இரண்டிலும் ஐசோலூசின் என்றால் மூன்று. ஏ-யில் லூசின், டி-யில் ஐசோலூசின் என்று மாற்றிப் போட்டால் நான்கு. இரண்டு அமினோ அமிலங்களிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான், கிளை பிரியும் இடம் மட்டுமே வேறு. எனக்கு இது இன்றும் சிலிர்க்கும்.

இப்போது பூட்டு, அதாவது யார் யாரோடு சேரலாம் என்பது. சிவப்புக் கோட்டின் இரு ஓரத்திலும் ஈ, ஜி இடங்கள் இருக்கின்றன. முதல் துண்டில் அங்கே குளுட்டமேட், அதாவது எதிர் மின்னூட்டம். இரண்டாவது துண்டில் லைசின், அதாவது நேர் மின்னூட்டம். முதல் துண்டை, ஜி இடத்திலிருந்து தொடங்கி, இப்படி எழுதுங்கள்: குளுட்டமேட், ஐசோலூசின், அலனின், அலனின், லூசின், குளுட்டமேட், லைசின். இரண்டாவது: லைசின், ஐசோலூசின், அலனின், அலனின், லூசின், லைசின், குளுட்டமேட். ஒவ்வொன்றையும் நான்கு முறை அடுக்கினால் 28. அடுக்கு கூடக் கூடப் பிடி இறுகும். நடுநிலைத் தண்ணீரில் ஒரே இனத் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளும், இரண்டையும் கலந்தால்தான் ஜோடி சேரும். இங்கே கலப்பதுதான் சுவிட்ச்.

அமிலத்தைச் சுவிட்ச் ஆக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி அம்மாவின் ஆசிட் வழி. குளுட்டமேட் துண்டை மட்டும் எடுத்து பி.எச்.-ஐ இறக்கினால், அதாவது தண்ணீரை அமிலமாக்கினால், அதன் மின்னூட்டம் அணைந்து தன் இனத்தோடே கூடும். இரண்டாவது வழி நேர்மாறானது. சுருள்களின் உள்ளே ஹிஸ்டிடினைப் புதைத்து வையுங்கள். பி.எச். 7-இல் அது பெரும்பாலும் மின்னூட்டமின்றி அமைதியாக இருக்கும். 6-க்குக் கீழே போனால் நேர் மின்னூட்டம் ஏற்று உள்ளிருந்தே தள்ளிப் பிரிக்கும். ஹிஸ்டிடின் வலைப்பின்னலால் இப்படிப் பிரியும் புரதங்களை புரத வடிவமைப்பாளர் டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடம் 2019-இல் வெளியிட்டது. செல் எதையாவது விழுங்கும்போது அது போய்ச் சேரும் பை அமிலமாகும். அங்கே போய்த் திறக்கும் மருந்துப் பொட்டலத்துக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும்.

கணினியில், வரிசை எழுத புரோட்டீன் எம்.பி.என்.என்., மடிப்பைப் பார்க்க ஆல்பாஃபோல்ட் போதும். இணையத்தில் இலவசமாகவே ஓட்டலாம். எல்லோரும் விடும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். முதல் துண்டும் இரண்டாவதும் கூடுகின்றனவா என்று பார்த்து மகிழ்ந்து நிறுத்தாமல், முதலும் முதலும், இரண்டாவதும் இரண்டாவதும் கூடுகின்றனவா என்றும் ஓட்டுங்கள். ஆல்பாஃபோல்டுக்கு பி.எச். தெரியாது. நீங்கள் வைத்த ஹிஸ்டிடினின் மின்னூட்டத்தை அது கணக்கில் எடுக்காது. எனவே அழகான படம் வந்தது என்பது சுவிட்ச் வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

எனக்கு இது முதுகலை படிக்கும்போது புரிந்தது. பிடி இறுக வேண்டும் என்று வெளிப்பக்கத்திலும் லூசினாக அள்ளி வைத்தேன். பாக்டீரியாவை உடைத்துச் சுழற்றி எடுத்தபோது, மேலே தெளிந்த திரவத்தில் புரதமே இல்லை. குழாயின் அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படிவு. கண்ணாடிக் குச்சியால் தொட்டேன், கட்டிப்பால் போலவே இழுத்தது. மூன்று மாத உழைப்பு அது. அன்று முதல் வெளிப்பக்கத்துக்கு மின்னூட்டமுள்ளதையும் அலனினையும் தவிர வேறு எதையும் யோசித்தே வைக்கிறேன். உள்ளே ஓர் ஏ இடத்தில் மட்டும் அஸ்பரஜின் வைப்பதும் உண்டு. பிடி கொஞ்சம் தளரும், ஆனால் மூன்று நான்கு பேராகக் கூடாமல் இரண்டு பேராக, ஒரே திசையில் நிற்கும். அந்த விலையைக் கொடுக்கலாம்.

ஆய்வுக்கூடம் கிடைக்கும்போது துண்டுகளைத் தனித்தனியே சுத்தம் செய்து, கலக்காமல் வையுங்கள். செல்லுக்குள் வளர்க்கும்போது 18 பாகை செல்சியஸ் போல குளிரில் மெதுவாக வளர்த்தால் கட்டியாவது குறையும். கலக்கும்போது செறிவைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக நீர்த்துப்போனால் நல்ல ஜோடியும் பிரிந்துதான் கிடக்கும், அதை வடிவமைப்பின் குற்றமாக நினைத்துவிடக் கூடாது. சுருளாக மடிந்ததா என்பதை, ஒளியை வைத்து மடிப்பை அளக்கும் சி.டி. கருவியின் வரைபடத்தில் 208, 222 நானோமீட்டரில் விழும் இரண்டு பள்ளங்கள் சொல்லும். எத்தனை பேர் கூடினார்கள் என்பதை அளவுவாரியாகப் பிரிக்கும் தூண் சொல்லும்.

இதே விதிகள்தான் பெரிய கூண்டுகளுக்கும். மூன்று மூன்றாகச் சேர்ந்த 20 துண்டுகளும், ஐந்து ஐந்தாகச் சேர்ந்த 12 துண்டுகளும் தனித்தனியே தயாராகி, கலந்தவுடன் 120 புரதங்களின் கூண்டாகும் வடிவமைப்பு 2016-இல் வந்தது. அதன் மேல் கட்டிய கொரோனா தடுப்பூசிக்குத் தென்கொரியா 2022-இல் அனுமதி அளித்தது.

அதற்குப் போகும் முன், உங்கள் ஜோடியிடம் கடைசியாக ஒன்றைக் கேளுங்கள். அமிலத்தில் பிரித்து, பி.எச். 7-க்குத் திருப்பி, மறுபடி தூணில் விடுங்கள். உறைந்த பால் திரும்பப் பாலாகாது. உங்கள் புரதம் பழைய உச்சத்தில், பழைய அளவில் வந்து நிற்க வேண்டும். ஐந்து முறை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உச்சம் கொஞ்சம் சுருங்கினால் எங்கோ ஒரு பங்கு கட்டியாகிக்கொண்டிருக்கிறது. காகிதத் துண்டை மறுபடி விரித்து, வெளிப்பக்கத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.