ஊரில் போர் நினைவுக்கல் நடும் முன்

கல் நடுவது ஒரு வாரத்து வேலை. யார் பெயரை அதில் வெட்டுவது என்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். பலர் சிற்பிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் பெயர் தேடுகிறார்கள். பட்டியல் முடியாமல் கல்லைத் தொடவே தொடாதீர்கள்.

முதலில் ஊரில் பழைய கல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 போருக்குப் போனார்கள், இத்தனை பேர் மடிந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் பொறித்த வெள்ளைக்காரர் காலத்துப் பலகைகள் பழைய பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடக்கலாம். உளி போடாமல் நனைத்து ஊறவைத்து மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். எண்ணிக்கை கிடைத்தால் தேடலுக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சிப்பாய்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஊர்ப் பெயரைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது; அன்றைய மாவட்டத்தைப் போடுங்கள். கொங்குப் பகுதியில் ஈரோடு 1979-லும் திருப்பூர் 2009-லும்தான் தனி மாவட்டமாயின. அதற்கு முன் பவானி, கோபி, தாராபுரம், அவிநாசி, பல்லடம் எல்லாமே கோயம்புத்தூர்தான். நாமக்கல் பக்கத்து ஊர்களைச் சேலத்தில் தேடுங்கள். பழனிச்சாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே இல்லை என்பதற்காக ஒரு பெயரைத் தள்ளிவிடக் கூடாது. இந்தியர், ஆப்பிரிக்கர் பெயர்கள் பெருமளவில் விடுபட்டதை அந்த ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டது. வீட்டில் முதல் போர்ப் பதக்கம் இருந்தால் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். புளி போட்டுத் துலக்கினால் அந்த எழுத்துத் தேய்ந்துவிடும்.

1947-க்குப் பிந்தியவர்களுக்கு, 2019-ல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் பட்டியலைப் பாருங்கள். மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைக் காவல் படை ஆட்கள் அதில் வரமாட்டார்கள்; அவர்களுக்கு 2018-ல் திறந்த தேசியக் காவலர் நினைவகம் இருக்கிறது. விதவை ஓய்வூதியம் வாங்கிய குடும்பமென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எழுத்துச் சான்றாவது கோப்பில் இருக்கட்டும்.

இனி சண்டை வரும் இடம். வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு எதற்குக் கல் என்று ஒருவர் கேட்பார். இந்திய தேசிய ராணுவத்தில் போன எங்கள் தாத்தாவை அவர்களோடு சேர்க்காதீர்கள் என்பார் இன்னொருவர். தலைப்பில் ‘நாட்டுக்காக’ என்று போட்டால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாது. ‘போர்களில் உயிர் நீத்த நம் ஊரார்’ என்று வெட்டினால் இரண்டு பேரும் உள்ளே வருவார்கள். பழைய பட்டாளப் பதிவுகளில் சாதிக்கென்றே தனிக் கலம் உண்டு. அதைப் பார்த்து அப்படியே கல்லில் ஏற்றிவிடாதீர்கள். சாதிப் பின்னொட்டு ஒருவருக்கும் வேண்டாம். வேல், சிலுவை, பிறை எதுவும் வேண்டாம். பதவி வாரியாக அடுக்காமல் இறந்த ஆண்டு வாரியாக அடுக்குங்கள். அப்படிச் செய்தால் இனி உயிர் நீப்பவர் பெயர் கடைசி வரியில் இயல்பாக உட்காரும். அகர வரிசையில் அதற்கு இடமே இருக்காது.

இடத்துக்குக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். சாலையோரமும் நடைபாதையும் கூடாது. அங்கே சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதி தரக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டிருக்கிறது. கோயில் வாசலோ ஒரு வளவின் (ஒரு சாதியார் குடியிருப்பின்) முகப்போ ஆனால் ஊரில் பாதிப் பேர் வரமாட்டார்கள். நூலகம், பள்ளி, ஊராட்சி அலுவலகம் இவற்றின் வளாகம் நல்லது. சிலை மட்டும் வேண்டாம். முகம் யாருடையது என்று தொடங்கி, கடைசியில் கம்பிக் கூண்டில் போய் நிற்கும்.

6 அடி உயரம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனம் உள்ள கருங்கல் கிட்டத்தட்ட 450 கிலோ வரும். திருப்பூர் பக்கத்துத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் சொன்னால் வெட்டித் தருவார்கள். நிறுத்தச் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வேண்டும். ஆள் பிடித்துத் தூக்கினால் மூலை உடையும், காலும் நசுங்கும். ஒன்றரை அடி கான்கிரீட்டுக்குள் போகட்டும். செம்மண்ணில் கெட்டித்தரை தட்டும் வரை தோண்டினால் போதும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், ஓராண்டில் கல் சாயும். அங்கே 4 அடிக்குக் குறையாமல் தோண்டி, கிராவல் நிரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். முகம் வடக்கே பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி பளபளப்பில் வெயில் அடித்துக் கண் கூசாது.

தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கீழே சுழியும் உண்டு. ஒரு அங்குல எழுத்துக்கு வரிக்கு வரி ஒன்றேமுக்கால் அங்குலம் வேண்டும். மழைத்துளி தெறிக்கும் கீழ் ஒரு அடியையும் தலைப்பையும் கழித்தால் சுமார் 19 வரி தேறும். 12-க்கு மேல் வெட்டாதீர்கள். மீதி இனி வரப்போகும் பெயர்களுக்கு.

பட்டறைக் கணினியில் எழுத்துரு மாற்றும்போதுதான் பிழை விழுகிறது. கொம்பு தனியாகப் பிரியும், புள்ளி காணாமல் போகும், ண னவாகும். அசல் அளவில் தாளில் அச்சிட்டுக் கல்லின் மேல் ஒட்டி, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே உளி படட்டும். புள்ளி 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தூசி அடைத்து மறைந்துவிடும். தங்க நிறப் பெயின்ட் சீக்கிரம் வெளுக்கும். வெள்ளை எனாமல் போதும்.

நட்டு முடிந்ததும் மஞ்சள் பூசுவார்கள், நோம்பிக்கு (திருவிழாவுக்கு) எண்ணெய் விளக்கு வைப்பார்கள். புலியோடு போராடி மாண்டவனுக்கு நட்ட புலிகுத்திக்கல்லுக்குப் பூசை செய்து பழகிய ஊர். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் எண்ணெய் கல்லில் இறங்கினால் கறை போகாது. முன்னால் இரண்டடி தள்ளித் தனியாக ஒரு மேடைக்கல்லும் மாலைக்கு ஒரு கம்பியும் வைத்துவிடுங்கள். கழுவத் தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும். ஆசிட் பட்டால் பளபளப்பு செத்துவிடும். எனாமலை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். டிசம்பர் 7 கொடிநாளுக்கு முந்தின வாரம் அதற்குத் தோது. மழை ஓய்ந்த நாளாகப் பார்த்து, கல் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.