ஹைபிரிட் எஸ்யூவி மைலேஜ்: 28 வராது, அதற்காக 17-லும் நிற்க வேண்டியதில்லை

போன மாதம் என் மச்சான் ஒரு வாரத்துக்கு வண்டியை எடுத்துப்போனான். திருப்பிக் கொடுக்கும்போது சாவியை நீட்டிக்கொண்டே, "என்ன மாமா, 28 கொடுக்கும்னு சொன்னாங்க, 17-ஐ தாண்ட மாட்டேங்குது, ஏதோ கோளாறு இருக்கு, சர்வீஸுக்கு விடுங்க" என்றான். அதே வண்டி, அதே தாம்பரம் – சோழிங்கநல்லூர் ரோடு, எனக்கு 22 கொடுக்கிறது. சரி, பார்த்துவிடலாம் என்று மறுநாள் அவனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். சேலையூர் தாண்டுவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஆக்சிலேட்டரில் அவன் அப்படி ஒன்றும் மோசமில்லை. சிக்னல் சிவப்பில் இருப்பது நூறு மீட்டருக்கு முன்பே தெரிகிறது, ஆனாலும் முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்பக்கம் வரை விரட்டிக்கொண்டு போய், அங்கே ஒரே மிதி. ஹைபிரிடில் பெட்ரோல் மிச்சமாவதே அந்த நூறு மீட்டரில்தான்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2022-ல் வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் இருக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சின் இல்லாமல் மின் மோட்டார் மட்டுமே வண்டியை இழுக்கவும் முடிகிற ரகம். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், ஒரு மின் மோட்டார், 0.76 யூனிட் பேட்டரி. இன்னோவா ஹைகிராஸுக்கும் இதே வழிதான், எண்கள் மட்டும் மாறும். ஆனால் "ஹைபிரிட்" என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கிராண்ட் விட்டாராவிலேயே மைல்டு ஹைபிரிட் ஒன்று இருக்கிறது, அதில் மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான், தனியாக வண்டியை இழுக்காது. கீழே நான் சொல்லும் பாதி விஷயம் அதற்குப் பொருந்தாது.

முதல் வேலை, ஒழுங்காக அளப்பது. டிஸ்பிளேயில் வரும் எண்ணை நம்பி வாட்ஸ்அப்பில் பெருமை பேசுகிறவர்கள் எத்தனை பேர்! அது ஒரு மதிப்பீடு, என் வண்டியில் அது எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். டேங்க் டு டேங்க் கணக்குதான் சரி. ஒரே பங்க், முடிந்தால் அதே மிஷின், நாசில் தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடவா சார்" என்று பையன் கேட்பான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த ரவுண்டில்தான் கணக்கு கெடுகிறது. டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த தடவை கட் ஆகும் வரை போட்டு, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். என் போன டேங்க் 702 கிலோமீட்டர், 31.6 லிட்டர், அதாவது 22.2. டிஸ்பிளே 23.6 என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு டேங்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், கட் ஆகும் இடம் அரை லிட்டர் முன்னே பின்னே இருக்கும், மூன்று டேங்க் சேர்த்துக் கூட்டி வகுத்தால் அது கரைந்துவிடும். அப்புறம், விடியற்காலையில் குளிர்ந்த பெட்ரோல் போட்டால் லாபம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பங்க் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

கம்பெனி சொல்லும் 27.97, அதாவது நாம் 28 என்று சொல்கிற அந்த எண், பொய்யில்லை. உருளைகள் மேல் வண்டியை ஏற்றி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஒரு குறிப்பிட்ட அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. அதன் நகரப் பகுதியில் வேகம் 50-க்கு மேல் போகாது, நின்று நின்று போகும், அது ஹைபிரிடுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மேடவாக்கம் கூட்ரோடு நெரிசல் அந்த அட்டவணையில் இல்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆக சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 6, 7 சதவீதம் சக்தி ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. இதில் ஓட்டுகிறவரின் தப்பு ஒன்றும் இல்லை.

இப்போது பிரேக். 0.76 யூனிட் என்பது ஈபி மீட்டரில் ஒரு யூனிட்கூட இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கிறது, அப்படியானால் அந்த மொத்த பேட்டரியும் ஒரு டீ கிளாஸ் பெட்ரோலுக்குச் சமம். இவ்வளவு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு எப்படி மிச்சம் பிடிக்கிறது என்றால், அது சேமித்து வைக்கிற இடம் இல்லை, கைமாற்று வாங்கிக் கொடுக்கிற இடம். 60-ல் போகும் வண்டியை நிறுத்தும்போது சாதாரண வண்டியில் அந்த வேகம் முழுக்க பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். இதில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைப் பிடித்து பேட்டரியில் போடுகிறது, பச்சை விழுந்ததும் அதை எடுத்தே வண்டி நகர்கிறது. ஆனால் மோட்டாரால் ஒரு அளவுக்குத்தான் பிடிக்க முடியும். நீங்கள் ஓங்கி மிதித்தால் பேடும் டிஸ்கும் உள்ளே வந்துவிடும், அந்தச் சக்தி போனது போனதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. சிவப்பு விளக்கு கண்ணில் பட்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வண்டி உருளட்டும். பிறகு பிரேக்கை லேசாக, ஆனால் நீளமாக அழுத்துங்கள், மீட்டரில் சார்ஜ் பக்கம் முள் நகரும், அது அந்தக் கட்டத்தின் கோடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் ஒரு வாரம் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், கண்டுகொள்ளாதீர்கள், எப்படியும் அவனும் அதே சிக்னலில்தான் நிற்கப்போகிறான். கடைசி சில மீட்டரில், வேகம் 10-க்குக் கீழே வந்ததும், எப்படியும் சாதாரண பிரேக்தான் நிறுத்தும்.

கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு கை அரிப்பு உண்டு, சிக்னலில் நியூட்ரல் போடுவது, பாலம் இறங்கும்போது நியூட்ரலில் விடுவது. ஹைபிரிடில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, இறக்கத்தில் இலவசமாக வரவேண்டியதும் வராது.

ஆக்சிலேட்டர் விஷயத்தில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாகச் சொல்லப்போகிறேன். பச்சை விழுந்ததும் ஆமை மாதிரி நகர்ந்து, எஞ்சின் எழுந்துவிடக் கூடாது, மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டும் இவி விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று உயிரைக் கொடுக்காதீர்கள். இதை சுவரில் சொருகி சார்ஜ் போட முடியாது. பேட்டரியில் இருப்பது ஒன்று பிரேக்கில் பிடித்தது, இல்லையென்றால் பெட்ரோலை எரித்துப் போட்டது. மின்சாரத்திலேயே இழுத்துக்கொண்டு போய் பேட்டரியைக் காலி செய்தால், அடுத்த சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் எழுந்து அதை நிரப்ப ஆரம்பிக்கும். பெட்ரோல் மின்சாரமாகி, பேட்டரிக்குள் போய், வெளியே வந்து, மோட்டாரைச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கமிஷன் போகிறது. பேசாமல் மிதமாக அழுத்தி, முள் ஈகோ பகுதிக்குள்ளேயே இருக்கும்படி 50-க்கோ 60-க்கோ வந்துவிட்டு, காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எஞ்சின் தானாக அணையும், அந்த வேகத்தைத் தாங்க மோட்டார் போதும். அந்த இவி பட்டன்? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சத்தமில்லாமல் வண்டியை நகர்த்தி வைக்க நல்லது. வேறு எதற்கும் நான் தொடுவதில்லை.

மைலேஜை உண்மையில் சாப்பிடுவது சின்னச் சின்ன ஓட்டம்தான். காலையில் பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர், திரும்பி வந்து காய்கறிக்கடை, சாயங்காலம் டியூஷன். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஆறிப்போயிருக்கும், பேட்டரி நிறைய இருந்தாலும் எஞ்சினையும் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சூடேற்ற அது எழுந்து ஓடியே தீரும். அந்த முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் டிஸ்பிளே 10, 12 காட்டும்போது பயப்படாதீர்கள், ஆனால் உங்கள் நாள் முழுக்கவே அப்படிப்பட்ட ஓட்டம் என்றால் 20-ஐக்கூட எதிர்பார்க்காதீர்கள். வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பது ஒன்றுதான் வழி, இல்லையென்றால் அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு ஸ்கூட்டரை எடுங்கள்.

ஏசியும் இதே கதைதான். இந்த வண்டிகளில் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, எஞ்சின் அணைந்தாலும் குளிர் நிற்காது, சுகம்தான். ஆனால் ஏசி சாப்பிடுவது மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் இல்லை. 60-ல் போகும்போது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிட ஏசி, 15-ல் ஊர்ந்தால் அதே கிலோமீட்டருக்கு நாலு நிமிட ஏசி. கத்திரி வெயிலில் நின்ற வண்டியைக் குளிர வைக்கும்போது அது ஒரு கிலோவாட்டுக்கு மேலேயே இழுக்கும், நம்மிடம் இருப்பதோ டீ கிளாஸ். பள்ளிக்கூட வாசலில் ஏசி போட்டு இருபது நிமிடம் காத்திருந்தால் எஞ்சின் நடுவில் எழுந்து எழுந்து அணைவது இதனால்தான். ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி அந்தச் சூட்டை வெளியே விட்டுவிட்டு, ஒரு தெரு தள்ளி ஏசியைப் போடுங்கள். 18-ல் வைக்காமல் 24, 25-ல் விடுங்கள். அதற்கு மேல் தியாகம் செய்ய வேண்டாம். 22-க்கும் 24-க்கும் வித்தியாசம் 100 கிலோமீட்டருக்கு 0.38 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 38 ரூபாய். அதற்காக மே மாதம் வேர்த்து ஒழுக ஆபீஸ் போகிற அளவுக்கு எனக்கு வைராக்கியம் இல்லை.

ஹைவே வேறு உலகம். டீசல் வண்டியிலிருந்து மாறியவர்களுக்கு இங்கேதான் ஏமாற்றம். பிரேக்கே போடாத இடத்தில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? எஞ்சின் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும், அப்போது இது உயரமான மூக்கு வைத்த ஒரு பெட்ரோல் வண்டி, அவ்வளவுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், 80-லிருந்து 120-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. திருச்சிக்கு 90-ல் நிதானமாகப் போன ஒரு தடவை 22.8 வந்தது, கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று 110-ல் போன தடவை 17.9. மூன்றரை லிட்டர் கூடுதல், மிச்சமானது அரை மணி நேரம் போலத்தான், அதிலும் கொஞ்சத்தைப் பரனூர் டோலிலேயே தொலைத்தேன். நான்கு வழிச்சாலையில் காருக்கு 100-தான் வரம்பு என்பது வேறு. சபரிமலைக்குப் போகும்போது மாட்டிய ரூஃப் கேரியரை மாசி வரைக்கும் தலையில் சுமக்காமல் வந்ததும் கழற்றிவிடுங்கள்.

மலை இறங்கும்போது கணக்கு இன்னும் வேடிக்கை. ஏற்காட்டிலிருந்து சேலம் பக்கம் இறங்கினால் 1,200 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள், ஆட்களோடு சேர்த்து 1,450 கிலோ வண்டி என்றால் நாலு யூனிட்டுக்கு மேல் சக்தி வெளியே வருகிறது. நம் பேட்டரி முக்கால் யூனிட். இருபது கொண்டை ஊசியில் பாதிகூட வருவதற்குள் நிரம்பிவிடும், நிரம்பியதும் எஞ்சின் திடீரென்று உறுமும். பயம் வேண்டாம், பெட்ரோல் எரியவில்லை, வேகத்தைப் பிடித்து நிறுத்துவதற்காகச் சும்மா சுழல்கிறது. நீங்களே முன்கூட்டி கியர் லீவரை B-யில் (எஞ்சின் பிரேக்குக்கான நிலை, பார்க்கிங்கின் P இல்லை) போட்டுவிட்டால் பிரேக் சூடாவது குறையும். ஆனால் ஊருக்குள் B-யில் ஓட்டினால் கூடுதலாகச் சார்ஜ் ஏறும் என்று ஒரு நண்பர் ஓட்டிக்கொண்டிருந்தார், வேண்டாம், நிதானமான பிரேக்குக்கு வழக்கமான D-யே போதும்.

டயர் காற்று, எல்லாரும் சொல்வதுதான், ஆனால் சொல்வதோடு நின்றுவிடுகிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், ஆள் எத்தனை, எவ்வளவு காற்று என்று. டயர் ஆறியிருக்கும்போது, காலையில் பக்கத்து பெட்ரோல் பங்க்கில், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பாருங்கள். பஞ்சர் கடையில் "எஸ்யூவிதானே" என்று அளவுக்கு மீறி அடித்துவிடுவதும் உண்டு, குறைத்து விட்டுவிடுவதும் உண்டு, ஒரு சின்ன கேஜ் வாங்கி டாஷ்போர்டில் போட்டுவையுங்கள். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்காதீர்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கம்பெனியிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் லேசாக உருளும் ரகமாக இருக்கும், அது தேய்ந்து மாற்றும்போது கடைக்காரர் "கொஞ்சம் அகலமா போடுங்க சார், கெத்தா இருக்கும்" என்பார். போட்டால் மைலேஜ் இறங்கும். டயரின் விட்டமும் மாறினால் ஓடோமீட்டரே தப்பாகக் காட்டும், அப்புறம் நீங்கள் டேங்க் டு டேங்க் எழுதிவைக்கிற நோட்டில் இருக்கும் எண்களையும் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது.