இட்லியை கார்ட்டில் போட நாலு ஃபைல் எதற்கு?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் மெஸ் நடத்தும் அண்ணன் ஆர்டர் எடுக்க ஒரு சின்ன வெப் ஆப் கேட்டார். நாலு பக்கம், ஒரு கார்ட், லாகின், தமிழுக்கும் கன்னடத்துக்கும் மாற ஒரு பட்டன், அவ்வளவுதான். ரியாக்டில் செய்தேன். ஆபீஸ் பழக்கத்தில், ஆப்பின் ஸ்டேட்டை (திரை காட்டும், மாறிக்கொண்டே இருக்கும் தகவலை) நிர்வகிக்கும் ரீடக்ஸ் லைப்ரரியை எடுத்து, ஆக்‌ஷன், ரெட்யூசர் (நடந்ததைச் சொல்வது ஒன்று, அதன்படி ஸ்டேட்டை மாற்றுவது இன்னொன்று) என்று பழைய பாணியில் பிரித்துப் பிரித்து எழுதி, கடைசியில் ஒரு இட்லியை கார்ட்டில் சேர்க்க நாலு ஃபைலைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸுஸ்டாண்டுக்கு மாறினேன். ஜெர்மனில் 'நிலை' என்று அர்த்தம், அதே வேலைக்கு 2019இல் வந்த குட்டி லைப்ரரி.

முதலில் எந்த ஸ்டேட் குளோபல், அதாவது ஆப் முழுக்கப் பொதுவானது என்று முடிவு செய்யுங்கள். ஃபார்மில் தட்டச்சு செய்வதெல்லாம் அந்தந்த காம்பொனென்ட்டின் (திரையின் ஒரு துண்டின்) சொந்த யூஸ்ஸ்டேட்டிலேயே (useState) இருக்கட்டும். சர்வரிலிருந்து வரும் மெனு உங்களுடையதே இல்லை, வெறும் நகல்தான். அதை, சர்வர் தகவலை எடுத்து வைத்துக்கொள்ளும் டான்ஸ்டாக் குவெரி லைப்ரரியிடம் விட்டுவிடுங்கள். மிஞ்சியது கார்ட், யூசர், மொழி.

இதற்கு, ஒரு தகவலை எல்லா காம்பொனென்ட்டுக்கும் எட்டச் செய்யும் ரியாக்டின் கான்டெக்ஸ்ட் போதாதா? போதும், மொழி மாதிரி எப்போதாவது மாறுவதற்கு. மூன்றையும் ஒரே கான்டெக்ஸ்டில் போட்டால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் கதைதான்: பி பிளாக் லிஃப்ட் ரிப்பேர் என்றால் ஏ பிளாக்கில் தூங்குகிறவர் போனும் அலறும். ஒரு தோசை சேர்த்ததற்கு, மொழியை மட்டும் படிக்கிற காம்பொனென்ட்டும் மறுபடி ரெண்டர் ஆகும், அதாவது திரும்ப முதலிலிருந்து ஓடும்.

ஸுஸ்டாண்டில் ஸ்டோர், அதாவது குளோபல் ஸ்டேட் இருக்கும் இடம், ஒரு தனி ஃபைல். கிரியேட் (create) ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது தரும் செட்டை (set, ஸ்டேட்டை மாற்றும் ஃபங்ஷன்) வைத்து ஒரு ஆப்ஜெக்ட் திருப்புங்கள்: ஐட்டம் பட்டியல், சேர்க்க ஒரு ஃபங்ஷன், நீக்க ஒன்று. கான்டெக்ஸ்ட் மாதிரி ஆப்பைச் சுற்றி புரொவைடர் எதையும் போட வேண்டாம். ஆனால் பழைய அர்ரேயிலேயே (பட்டியலிலேயே) புஷ் செய்து சேர்க்காதீர்கள், ரெஃபரன்ஸ் (அது எந்த அர்ரே என்ற அடையாளம்) மாறாததால் திரை அசையாது. புது அர்ரே கொடுங்கள். செட் மேல்மட்டத்தில் மட்டும்தான் மெர்ஜ் செய்யும், உள்ளே இருக்கிற ஆப்ஜெக்டை நீங்களே ஸ்ப்ரெட் செய்து, அதாவது பழையதை நகலெடுத்து, சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படிக்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. கிரியேட் திருப்பித் தரும் ஹூக்குக்குள் செலக்டர் (எது வேண்டும் என்று சொல்லும் சின்ன ஃபங்ஷன்) கொடுத்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். ஹெடரில் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் லெங்த்தை மட்டும். செலக்டர் இல்லாமல் கூப்பிட்டால் மறுபடி வாட்ஸ்அப் குரூப்தான். அப்புறம், செலக்டருக்குள் ஃபில்டர் போட்டேன். ஒவ்வொரு முறையும் புது அர்ரே வருவதால் ஐந்தாம் வெர்ஷனில் முடிவில்லாத லூப்பில் போய் மாட்டியது, ஒரு ஞாயிறு சாயங்காலம் காலி. பட்டியலில் உள்ளவை அதேதானா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடும் யூஸ்ஷாலோவில் (useShallow) சுற்றினால் சரியாகிவிடும். மேப்பில் புது ஆப்ஜெக்டுகள் செய்தால் அதுவும் கைகொடுக்காது, அந்தக் கணக்கை காம்பொனென்ட்டுக்குள், விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் யூஸ்மெமோவில் (useMemo) போடுங்கள்.

பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தாலும் கார்ட் இருக்க வேண்டுமா? ஸுஸ்டாண்டோடு வரும் பெர்சிஸ்ட் மிடில்வேர் (ஸ்டோரைச் சுற்றிப் போடும் துணை) பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்துக்கொள்ளும். எதைச் சேமிப்பது என்று அதன் பார்ஷியலைஸ் ஆப்ஷனில் சொல்லுங்கள், லாகின் டோக்கனை (உள்ளே வந்தவர் யார் என்று காட்டும் சாவியை) அதில் சேர்க்காதீர்கள். நான் முதலில் விலையோடு சேர்த்துச் சேமித்திருந்தேன். அண்ணன் தோசைக்கு அஞ்சு ரூபாய் ஏற்றிய மறுநாள், ரெகுலர் கஸ்டமர்களுக்கெல்லாம் பழைய விலையே காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஐடியும் எண்ணிக்கையும் மட்டும்தான் சேமிக்கிறேன், விலை சர்வரிலிருந்து வருகிறது.