பிஸ்டன் கிளியரன்ஸ்: அளக்கும்போது நடக்கும் தவறுகள்

"பாக்ஸ்லயே அளவு போட்டிருக்குண்ணா, அப்படியே போட்டுடலாம்." பழைய மாருதி எஸ்டீமையோ ஜிப்சியையோ கோவை ரேஸ் டிராக்குக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் தயார் செய்ய தர்மபுரியில் என்னிடம் வரும் தம்பிகள் பலர் சொல்வது இது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அச்சில் அழுத்தி உருவாக்கியது), பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கெட்டியான வால்வு ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் பணம் சேர்த்து வைத்திருப்பார்கள். அளப்பதற்கு அரை நாள் ஒதுக்கத்தான் மனம் வராது. பாக்ஸில் இருப்பது பிஸ்டனின் அளவு. உங்கள் போரின் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை) அளவும், அடிப்பக்கம் சீவிய உங்கள் ஹெட்டின் (சிலிண்டரை மேலே மூடும் பகுதி) உயரமும் அந்தக் கம்பெனிக்குத் தெரியாது.

முதலில் போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதாவது கிளியரன்ஸ். தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர். இங்கே நாம் பேசும் இடைவெளியும் ஏறக்குறைய அதுதான். மயிரிழை என்று பேச்சுக்குச் சொல்வோமே, இது நிஜமாகவே மயிரிழை. 0.02 வரைக்கும் மட்டுமே காட்டும் வெர்னியரை வைத்துக்கொண்டு இதை அளக்க முடியாது. பிஸ்டனுக்கு மைக்ரோமீட்டர், போருக்கு டயல் போர் கேஜ், இரண்டும் வேண்டும். அதே மைக்ரோமீட்டரை வைத்தே போர் கேஜை செட் செய்துகொண்டால் கருவிக்குக் கருவி உள்ள வித்தியாசம் அடிபட்டுப் போகும். போரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும்.

பிஸ்டனில் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். பார்க்க வட்டமாக இருந்தாலும் பிஸ்டன் வட்டம் கிடையாது. ஸ்கர்ட், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர், லேசான முட்டை வடிவம். தலைப்பகுதி அதிகம் சூடாவதால் அதைச் சிறிதாகவே கடைந்திருப்பார்கள். பிஸ்டனை ராடோடு (கிராங்க்கோடு சேர்க்கும் தண்டு) இணைக்கும் பின்னுக்குக் குறுக்குத் திசையில், ஸ்கர்ட்டில் தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

அப்புறம் வெயில். நம் ஊரில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை மாத மதியத்தில், டிக்கியில் கிடந்த பிஸ்டனை எடுத்து நேராக மைக்ரோமீட்டரில் வைத்தார் ஒருவர். எஸ்டீம் 1.3 எஞ்சினின் போர் 74 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள அலுமினியப் பிஸ்டன் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.03 மில்லிமீட்டர் பெருக்கும். அந்த அளவை நம்பி போரைக் கடைந்தால் எஞ்சின் லூஸ். இதற்கு நேர்மாறாக, ஹோனிங் (போரைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) முடிந்த சூட்டோடு போரை அளந்தால் பெரிதாகக் காட்டும், ஆறியதும் சுருங்கி டைட் ஆகிவிடும். நான் பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் ராத்திரி ஒரே அறையில் வைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு ஃபேனைக்கூடப் போடாமல் அளப்பேன்.

ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு, காரோடு வந்த ஸ்டாக் பிஸ்டனின் கிளியரன்ஸைக் கொடுப்பது இன்னொரு தவறு. ரேஸ் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களுக்குப் பயன்படும் 2618 என்னும் அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் பெருக்கும். அதனால் குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி கூடுதலாக வேண்டும், காலையில் டக் டக் என்ற சத்தமும் வரும். ஓசூர்க்காரர் ஒருவர் மார்கழிக் குளிரில் அந்தச் சத்தம் பொறுக்காமல், வேறொரு இடத்தில் புது செட் போட்டு இடைவெளியை 0.03-க்குக் குறைத்துவிட்டார். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் எஞ்சின் சீஸ், பிஸ்டன் போரில் இறுகிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டரில் ஸ்கர்ட்டின் இரு பக்கமும் நகத்தால் கீறியது போல மேலிருந்து கீழாகக் கோடுகள், பளபளவென்று. ரிங் பள்ளத்தில் அலுமினியம் இழுபட்டு ரிங்கையே பிடித்திருந்தது. தயாரிப்பாளரின் தாளில் உள்ள எண்ணை அப்படியே கொடுங்கள். எஞ்சின் சூடேறினால் அந்தச் சத்தம் தானாக அடங்கும்.

இனி வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்தி, அங்கே இடைவெளி இருக்கிறது, போதும் என்று பலர் மூடிவிடுகிறார்கள். ஆபத்தான இடம் அதுவல்ல. எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வருகிறது. இன்டேக் வால்வு திறக்கும்போது, இறங்கும் பிஸ்டனை அது துரத்துகிறது. இரண்டும் மிக நெருங்குவது உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்னும் பின்னும்.

இந்த இடைவெளியை அளக்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன் தலையில் வால்வுப் பள்ளங்களில் வையுங்கள். வால்வு முகத்தில் துளி எண்ணெய் தடவினால் ஒட்டாது. ஏற்கனவே நசுங்கிய அதே தடிமன் கேஸ்கெட்டைப் போட்டு, ஹெட் போல்ட்டுகளை முறைப்படி டார்க் செய்து (சொன்ன அளவுக்கு இறுக்கி), டைமிங் சரிபார்த்து, கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. ஒரே சுற்றோடு நிறுத்தினால் வால்வுகள் மூடியிருக்கும் உச்சியை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறலாம். எங்காவது முட்டினால் அழுத்தாதீர்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டாப்பெட் இருந்தால் அது உள்ளே அமுங்கி, இல்லாத இடைவெளியைக் காட்டும். அந்த எஞ்சினில் சாலிட் டாப்பெட் போட்டுத்தான் இந்தச் சோதனை.

பிறகு ஹெட்டைக் கழற்றி, களிமண்ணை ஈரமான பிளேடால் வெட்டி, மிக மெலிந்த இடத்தை அளங்கள். ஸ்டீல் ராடுக்கு இன்டேக்கில் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் 2.5 என்பது பொதுவான குறைந்தபட்சம். வால்வின் ஓரத்துக்கும் பள்ளத்தின் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் 1.3-ஆவது இருக்கட்டும். இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். அதிக ஆர்பிஎம்மில் ராட் நீளும், ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு மூடுவது தாமதமாகும். ஒரு தடவை கியர் மாறி விழுந்து ஆர்பிஎம் எகிறினால் அந்த 2 மில்லிமீட்டர்தான் வால்வைக் காப்பாற்றும்.

களிமண்ணில் எல்லாம் சரியாக வந்த பிறகு காம்ப்ரஷன் போதவில்லை என்று ஹெட்டை இன்னும் 0.5 சீவுகிறவர்கள் உண்டு. அட்ஜஸ்டபிள் கேம் கியரை 4 டிகிரி முன்னே தள்ளுகிறவர்களும் உண்டு. சிங்கிள் கேம் எஞ்சினில் முன்னே தள்ளினால் இன்டேக் இடைவெளி குறையும், பின்னே இழுத்தால் எக்ஸாஸ்ட் குறையும். இவற்றில் எதைச் செய்தாலும் ஹெட்டை மறுபடி இறக்கி, புதுக் களிமண் வைத்து, முதலிலிருந்து அளங்கள்.