பின்னணிக் காமாக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கத்தை வீட்டில் பதிவு செய்வது எப்படி?

நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கும் இந்தக் கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியைக் கணினியுடன் இணைக்கும் முறை அதன் கையேட்டிலேயே இருப்பதால், அதை விட்டுவிட்டு இடத்தேர்விலிருந்து தொடங்குகிறேன். மொட்டை மாடி வசதியான இடந்தான். ஆனால் அங்கே கருவி எண்ணுவதில் பெரும்பங்கு காங்கிரீட்டிலுள்ள பொட்டாசியம்-40, தோரியம், யுரேனியம் ஆகியவற்றிலிருந்து வருவதாகவே இருக்கும். ஆகவே சுவரிலிருந்து தள்ளி, வெறுந்தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில், மழைநீர் புகாத டப்பாவுக்குள் வைத்துக் கட்டுங்கள்.

திரையில் தெரியும் மைக்ரோசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சளவின் அலகு) மதிப்பை நான் குறித்துக்கொள்வதில்லை. எண்ணிக்கையை அந்த அலகுக்கு மாற்றும் கணக்கு பெரும்பாலும் சீசியம்-137 போன்ற ஒரே மூலத்தை வைத்துப் போடப்பட்டது என்பதால், நிமிட எண்ணிக்கையே நம்பகமானது.

நான் ஒரு வாரம் தடுமாறியது அடுத்த படியில்தான். நிமிட எண்ணிக்கைகளை அப்படியே வரைபடமாக்கிவிட்டு, 18, 31, 24 என்று குதித்த கோட்டில் இரவு பகல் வேறுபாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் இயல்பான தடுமாற்றம்: 25 எண்ணினால் 5, அதாவது 20 விழுக்காடு, ஒரு மணி நேரத்தில் 1,500 எண்ணினால் ஏறத்தாழ 39, அதாவது 2.6 விழுக்காடு. எனவே மணிக்கணக்காகக் கூட்டி, பத்து நாள்களின் ஒரே மணி நேரத்தை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். காற்று அசையாத இரவுகளில் மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு தரையருகே தேங்குவதால் விடியலுக்கு முன் எழும் சிறு மேடு, அப்போதுதான் கண்ணில் படும்.

மழைக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. காற்றிலிருக்கும் ரேடான் சிதைந்து உண்டாகும் வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றை மழை அடித்து இறக்குவதால் எண்ணிக்கை சட்டென ஏறும். அவற்றின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) முறையே சுமார் 27, 20 நிமிடங்களே என்பதால், மழை விட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். நனைந்த கார் கூரையை டிஷ்யூ தாளால் துடைத்துக் கருவியின் கதிர் உணரும் குழாயருகே வைத்துப் பாருங்கள். பீட்டாக் கதிர்களும் சேர்வதால் ஏற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு. ஈரம் ஊறிய மண் தன்னுள்ளிருந்து வரும் காமாக் கதிர்களில் ஒரு பகுதியை மறிப்பதால், மழையில்லாத நேரத்து அடிமட்டம் கோடையைவிடச் சற்றுத் தாழும்.

பின்சேர்க்கை: நண்பகலில்தான் உச்சம் வருகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது கண்ணாடிக் குழாய். வெயில் நேரடியாகப் பட்டால் அவ்வகைக் குழாய்கள் பொய்யாகவும் எண்ணும். கறுப்பு டேப் சுற்றியதும் அந்த உச்சம் மறைந்துவிட்டது.