அமானி தேன்சிட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? (அரபுகோ-சொகோகே காடு, கென்யா)

மொம்பாசாவிலிருந்து மலிண்டி போகும் சாலையில், கேடி ஊரை ஒட்டி அரபுகோ-சொகோகே காடு. ஏறத்தாழ 420 சதுர கி.மீ. அமானி தேன்சிட்டின் நீளமோ 8 செ.மீ.தான். இந்தக் காட்டையும் டான்சானியாவின் கிழக்கு உசம்பாரா, உட்சுங்வா மலைக்காடுகளையும் விட்டால் வேறெங்கும் பெரிதாகக் கிடைக்காத, அழியும் நிலையில் உள்ள பறவை.

படி 1: மண்ணைப் பாருங்கள். செம்மண்ணில் சினோமெட்ரா மரங்கள் அடர்ந்து நிற்கும். அங்கே நேரம் செலவிட வேண்டாம். வெண்மணல் தொடங்கி, உயரமான பிராக்கிஸ்டீஜியா மரங்கள் (உள்ளூரில் ம்ரிஹி) இடைவெளி விட்டு நிற்கும் பகுதிதான் நமக்கு வேண்டியது. காட்டு நிலையத்திலேயே ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. தேன்சிட்டு கண்ணில் படுவதற்கு முன்பே, அது சேர்ந்து வரும் பறவைக் கூட்டத்தின் சத்தத்தைப் பிடித்துவிடுவார்கள்.

படி 2: கூட்டத்துக்குக் காத்திருங்கள். தேன்சிட்டு என்றதும் பூவின் அருகே போய் நிற்கத் தோன்றும். இது தேனும் குடிக்கும். ஆனால் உச்சிக்கிளை இலைகளில் பூச்சியும் சிலந்தியும் தேடும் நேரம் அதிகம். பல இனங்கள் கலந்து மேயும் கூட்டங்களோடு சேர்ந்தே வரும். இந்தக் கூட்டங்களில் வரும் இன்னொரு பறவையான கவசக் கீச்சான்களின் (helmetshrike) இரைச்சல் கேட்டால் அதே இடத்தில் நில்லுங்கள்.

படி 3: ஆண் பறவையை உறுதிசெய்வது. கஷ்டம் இங்கேதான். பறவை நூல்களின் படங்களில் தலையும் தொண்டையும் மினுமினுக்கும் கரும்பச்சை, வயிறு வெள்ளை. நேரில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு அண்ணாந்து பார்த்தால் அந்தப் பச்சை வெறும் கருப்பு. காரணம், அது சாயத்தால் வரும் நிறமல்ல. இறகின் நுண்ணிழைகள் ஒளியைப் பிரதிபலிக்கும் விதத்தால் வருவது, கோணம் மாறினால் அணைந்துவிடும். அதனால் வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மரத்தின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள். பறவை திரும்பும் ஒரு நொடியில் பச்சை தெரியும். ஊதாவாக மின்னினால் அது ஊதாமுதுகுத் தேன்சிட்டு: அதற்கும் வயிறு வெள்ளைதான், உடல் பெரியது. வயிறு மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் கழுத்துப்பட்டைத் தேன்சிட்டு. இந்தக் காட்டில் அதுதான் அடிக்கடி கண்ணில் படும்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும், 10x வேண்டாம். இலைக்கு இலை தாவும் பறவைக்கு அகலமான பார்வைதான் முக்கியம். உருப்பெருக்கம் கூடக் கூட, பறவை தப்பிப்போவதும் கூடும்.

பிற்சேர்க்கை: பெண் பறவையை எப்படி அறிவது என்று சிலர் கருத்துப் பகுதியில் கேட்டிருந்தீர்கள். மேலே நீலச்சாம்பல், கீழே வெளுப்பு, பச்சை எங்கும் இல்லை. தனியாகப் பார்த்தால் உறுதி சொல்வது சிரமம். ஆண் அருகில் வரும்வரை பொறுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். எஞ்சியிருப்பதே கொஞ்சம், அந்தக் குரலைப் போட்டிப் பறவை என்று நம்பி, இரை தேடும் நேரத்தை இல்லாத எதிரியைத் துரத்துவதில் அது வீணாக்கக் கூடாது.